திருக்கோணமலை என்றொரு கப்பல்

கலிபோர்னியாவில் 2009 ஆம் ஆண்டு சிங்கர் என்றொரு நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ரொப் டிக்கின்சன் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் ஒரு றொக் இசைக்குழுவில் பாடகராக இருந்தவர். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய போர்ஷே 911 காரை, குறிப்பாக 1989 முதல் 1994 வரை உற்பத்தியான வகையை, ஆணி ஆணியாகக் கழற்றி, உருக்குத் தகட்டு உடலின் பெரும்பகுதியை நீக்கி, கார்பன் இழையால் வார்த்த உடலைப் பொருத்தி, எஞ்சினைப் புதிதாகக் கட்டித் திருப்பிக் கொடுப்பது அவர்களுடைய தொழில். பார்வைக்கு அது எழுபதுகளின் கார். ஓட்டத்திலோ இன்றைய கார்களுக்குச் சளைக்காதது. இங்கிலாந்தில் ஜாகுவார் ஈ-டைப் காரை வைத்து இதே வேலையைச் செய்வோர் இருக்கின்றனர். செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்தக் கார்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. முக்கால்வாசி மாற்றிய பின்னரும் அதைப் பழைய கார் என்று அழைக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது?

இந்த வித்தையை நம்மவர்கள் வேறொரு நிர்ப்பந்தத்தில் கற்றவர்கள் என்பதைச் சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. புதிய ஜப்பானிய வாகனங்கள் படுத்துக்கொண்டன. எழுந்து ஓடியவை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய கிழட்டுக் கார்களே. அவற்றின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே மட்டமான எரிபொருளையும் ஓரளவு சகித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உசுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள் நமது மெக்கானிக்குகள். வெண்புகை கக்கிக்கொண்டு அந்தக் கார்கள் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பழைய வண்டிக்குப் புத்துயிர் கொடுத்த அந்தக் கைகளின் பெயர்களை எந்த மோட்டார் சஞ்சிகையும் அச்சிட்டதில்லை.

இவற்றையெல்லாம் அசைபோட வைத்தது இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் வாழும் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம். ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக நகரில் மூன்று பாய்மரங்களுடன் ஒரு போர்க்கப்பல் நிற்பதாகவும், அதன் பெயர் 'திருக்கோணமலை' என்றும், ஊர்ப் பெயரைக் கண்டதும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்து வந்ததாகவும் எழுதியிருந்தார். இறுதியில் ஒரே ஒரு வினா: "ஐயா, இது நம்முடைய கப்பலா?"

ஒரு வரியில் பதில் எழுதிவிடக்கூடிய கேள்வியல்ல அது. அந்தக் கப்பலின் கதை, சிங்கர் நிறுவனத்தின் தொழிலுக்கு மிக நெருங்கிய கதை. ஒரு முறையல்ல, இரண்டு முறை.

திருக்கோணமலையில் இருந்தே ஆரம்பிப்போம். இந்தியப் பெருங்கடலில் அரசாள நினைத்த எந்த ஐரோப்பிய வல்லரசும் இந்தத் துறைமுகத்தை விட்டுவைக்கவில்லை. காரணம் காற்றுத்தான். சோழமண்டலக் கரை நெடுகிலும் பெரிய கப்பல் ஒதுங்குவதற்குத் துறைமுகம் கிடையாது. சென்னப்பட்டினமும் புதுச்சேரியும் அக்காலத்தில் திறந்த கடலில் நங்கூரமிடும் இடங்களே. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மூண்டால் அங்கே நிற்கும் கப்பல்களுக்கு உயிராபத்து. அந்த மாதங்களிலும் மலைகளின் மடியில் கப்பல்களை வைத்துக் காக்கும் ஆழமான உள்துறைமுகம் திருக்கோணமலையில் இருந்தது.

உடைந்த கப்பலைச் சீர்செய்ய இங்கே ஒதுங்குவதும் பழைய வழக்கம். 1659 கார்த்திகைப் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் நாட்டுவதற்காகவே கொட்டியார்குடாவுக்கு வந்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்துச் சென்றனர். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பி, 1681 இல் இலங்கை பற்றி எழுதி வெளியிட்ட நூலை இன்றும் படிக்கிறோம். ஒரு பாய்மரம் முறிந்ததால் கிடைத்த நூல்.

1782 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி எட்வேர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலையைப் பறித்தார். ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். இந்தச் சுஃப்ரன் ஒரு விசித்திரப் பிறவி. அவருக்குக் கப்பல் பழுதுபார்க்கும் தளம் எதுவுமில்லை. தாய்நாடோ பல மாதப் பயணத்துக்கு அப்பால். ஜூலையில் நாகபட்டினத்துக்கு அருகே நடந்த சமரில் நொந்துபோன கப்பல்களைக் கடலூருக்குக் கொண்டுவந்து, வீடுகளை இடித்து அவற்றின் உத்தரங்களை எடுத்தும், சிறிய கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கிப் பெரியவற்றில் நாட்டியும் மீண்டும் போருக்குத் தயாராகிவிட்டார். யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்களை ஓட்டியவர்களுக்கு இந்த மனிதரைப் புரியும். வீட்டை இழந்த கடலூர்க்காரரின் நிலை என்னவாயிற்று என்பதைக் கடற்படை வரலாறு எழுதியவர்கள் பொருட்படுத்தவில்லை.

செப்டெம்பர் 3 ஆம் திகதி, திருக்கோணமலைக்கு வெளியே கடலில் ஹியூஸும் சுஃப்ரனும் மோதினர். ஆங்கிலேயர் பக்கம் 12 பெருங்கப்பல்கள், பிரெஞ்சுக்காரர் பக்கம் 14. சுஃப்ரனின் கொடிக்கப்பலான 'ஹீரோஸ்' நடுப்பாய்மரம் முறிந்து தத்தளித்தது. மாலைவரை சண்டையிட்டும் வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடமே எஞ்சியது. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பி, பின்னர் கப்பல்களைப் பழுதுபார்ப்பதற்காக இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போக நேர்ந்தது. கிழக்கே ஒதுங்குமிடம், மேற்கே பழுதுபார்க்குமிடம்: இந்த இரண்டும் பிரித்தானியரின் இந்து சமுத்திர ஆட்சிக்கு இரு கண்கள் என்பதை அந்த ஆண்டு அவர்களுக்குக் கற்பித்தது. 1795 ஆகஸ்டில் திருக்கோணமலையை மீண்டும் கைப்பற்றியபோது அவர்கள் அதை விடும் எண்ணத்துடன் வரவில்லை.

மறுநாள், 1782 செப்டெம்பர் 4. பூமியின் மறுபாதியில், பிரான்சின் பிரித்தானி கரைக்கு அப்பால் இன்னொரு சம்பவம். 'எபே' என்ற புத்தம்புதிய பிரெஞ்சுப் போர்க்கப்பலை 'ரெயின்போ' என்ற பழைய ஆங்கிலக் கப்பல் துரத்தியது. ரெயின்போவில் பரிசோதனையாகக் குறுங்குழல் பெருங்குண்டுப் பீரங்கிகளை ஏற்றியிருந்தனர். அதன் முன்புறத்திலிருந்து வந்து விழுந்த குண்டின் அளவைக் கண்ட பிரெஞ்சுத் தலைவர், முன்னணியிலேயே இத்தனை பெரிய பீரங்கி என்றால் இது பிரமாண்டமான கப்பலாக இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு, பெயரளவில் ஒரு சுற்றுச் சுட்டுவிட்டுச் சரணடைந்தார். ஒரு குண்டைப் பார்த்துக் கப்பலைக் கொடுத்தவர் என்று அவரைக் கேலி செய்யலாம். ஆனால் அந்தத் தவறான கணக்கில்லாமல் நமது கதை இல்லை.

ஏனெனில் 'எபே' சாதாரணக் கப்பலல்ல. ஜாக்-நோயெல் சானே என்ற பிரெஞ்சு மேதையின் வடிவமைப்பு. பிரிகேட் என்று சொல்லப்படும் இவ்வகைக் கப்பல், பெருங்கப்பல்களைப் போல வரிசையில் நின்று அடிபடுவதற்கு உரியதல்ல. வேகமாக ஓடி உளவறிய, வணிகக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்க, காவல்செய்ய உரியது. அந்தக் காலத்தின் பந்தயக் கார் என்றால் பொருந்தும். கைப்பற்றிய கப்பலை ஆங்கிலேயர் தளத்திலேற்றி அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடமாக்கினர். பின்னர் அந்தக் கோடுகளைத் தழுவி 'லீடா' என்ற கப்பலைக் கட்டி 1800 இல் கடலில் இறக்கினர். அது நன்றாக ஓடவே, அதே வகையில் நாற்பதுக்கும் அதிகமான கப்பல்களுக்குப் பணிப்பாணை பிறந்தது. எதிரியின் வடிவத்தைப் படியெடுப்பதில் ஆங்கிலேயருக்கு வெட்கம் இருக்கவில்லை. அதுவும் ஒரு திறமைதான்.

நெப்போலியனுடனான போர்கள் நீளவே இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடாயிற்று. கடற்படைத் தலைமையகத்தின் பார்வை பம்பாய் மீது விழுந்தது. அங்கே வாடியா குடும்பத்தார் இருந்தனர். சூரத்திலிருந்து 1736 இல் கிழக்கிந்தியக் கம்பனியால் அழைத்துவரப்பட்ட லோவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரின் வழித்தோன்றல்கள். தலைமுறை தலைமுறையாகக் கப்பல்தளத்தின் தலைமைச் சிற்பிகள். அவர்களில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் கையால் உருவான கப்பல்களை பிரித்தானியக் கடற்படையே விரும்பிக் கேட்டது. 1842 இல் ஹொங்கொங்கைப் பிரித்தானியருக்குக் கொடுத்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது அவர் கட்டிய 'கோர்ன்வாலிஸ்' கப்பலின் தட்டில்.

அவருடைய கையில் இருந்த பொருள் தேக்கு. ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பாணியை அரிக்கும். ஆணி அரிக்க மரம் இளகும். சில பத்தாண்டுகளில் கப்பல் தள்ளாடும். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய் இரும்பையும் காக்கும், புழுவையும் பூஞ்சணத்தையும் அண்டவிடாது. ஆங்கிலேயர் 'டீக்' என்று சொல்வதே நமது தேக்குத்தான்; போர்த்துக்கேயர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஆக, 1816 இல் பம்பாயில் நடந்ததை இன்றைய மொழியில் இப்படிச் சொல்லலாம்: வேகத்துக்குப் பேர்போன ஒரு பழைய வடிவத்தை எடுத்து, அதைவிடச் சிறந்த பொருளில், அதைவிடச் சிறந்த கைவினைஞரைக்கொண்டு மறுபடியும் கட்டினார்கள்.

அதற்கு முன் ஒரு சிக்கல். 1812 ஒக்டோபரில் பணிப்பாணை பிறந்து, வரைபடங்கள் 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. ஆனால் அமெரிக்காவுடன் அப்போது போர். டிசெம்பர் 29 இல் பிரேசில் கரைக்கு அப்பால் 'கொன்ஸ்டிற்றியூஷன்' என்ற அமெரிக்கக் கப்பல் ஜாவாவை நொறுக்கியது. வரைபடங்களும் போயின. புதிதாக வரைந்து அனுப்பி, அவை வந்துசேர்ந்து, வேலை தொடங்குவதற்குள் நெப்போலியன் சென்ற் ஹெலினாத் தீவில் சிறைவைக்கப்பட்டுவிட்டான். எந்தப் போருக்காகக் கேட்கப்பட்டதோ அந்தப் போர் முடிந்த பிறகு பிறந்த கப்பல் இது. பார்சிகளின் வழக்கப்படி 1816 இல் ஏராவில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து வேலையைத் தொடங்கினார்கள். (ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரம். நமது கரையோரத் தச்சர்கள் இன்றும் புழங்கும் சொல்.) 1817 ஒக்டோபர் 12 இல் கப்பல் கடலில் இறங்கியது. பீரங்கித் தட்டின் நீளம் ஏறத்தாழ 150 அடி, அகலம் 40 அடி, பீரங்கிகள் 46. செலவு ஏறத்தாழ 23,000 பவுண். 1782 செப்டெம்பர் 3 இல் நடந்த சமரை நினைவுகூர்ந்து அதற்கு 'திருக்கோணமலை' என்று பெயரிட்டனர். வடிவமோ செப்டெம்பர் 4 இல் பிடிபட்ட கப்பலுடையது. இந்த இரு நாட்களும் ஒரே மரக்கலத்தில் வந்து சந்தித்ததை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

தேக்கின் பெருமை பேசும்போது மறைத்துவிடக் கூடாத ஒன்று உண்டு. அந்த மரம் மலபார்க் காடுகளில் இருந்து வந்தது. கப்பல்தளங்களின் பசிக்காக 1806 இல் கம்பனி வாட்சன் என்ற அதிகாரியைக் காடுகளின் காவலராக நியமித்தது. காவல் என்ற பெயரில் நடந்தது கொள்முதல் ஏகபோகம். மரவணிகரும் காட்டை நம்பி வாழ்ந்த குடிகளும் முறையிட்டதன் பேரில் 1823 இல் அது கைவிடப்பட்டது. அதற்குள் எளிதில் எட்டக்கூடிய காடுகளில் முற்றிய தேக்கு அருகிவிட்டது. 1840களில் நீலாம்பூரில் கலெக்டர் கொனலியும் சாத்து மேனனும் தேக்கை நட்டு வளர்க்கத் தலைப்பட்டது அந்த வெறுமையில் இருந்துதான்.

கப்பல் 1819 ஏப்ரல் 30 இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தது. வழியில் சென்ற் ஹெலினாவில் தங்கியபோது, நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்ரோக்கோ என்ற மருத்துவரையும் ஏற்றிச் சென்றது. அதன் பின் கால் நூற்றாண்டு காலம், சண்டையில்லாத கடற்படையில் வேலையற்றுக் கூரை வேய்ந்து கட்டிக் கிடந்தது. 1845 இல் எழுப்பியபோது காலம் மாறியிருந்தது. பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, பெரியவற்றை ஏற்றி, அமரத்தின் வடிவத்தையும் மாற்றினர். 1847 முதல் மூன்றாண்டு வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களில். 1852 முதல் 1857 வரை பசிபிக்கில். கனடாவின் மேற்குக்கரையில் சோல்ட் ஸ்பிரிங், கலியானோ என்ற தீவுகளுக்கு நடுவே 'ட்ரிங்கோமலி நீரிணை' என்று வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அது இந்தக் கப்பல் விட்டுச் சென்ற பெயர். கனடாவில் வாழும் நமது மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்? நம்மவர் ரொறன்ரோவுக்குப் போவதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னரே நமது ஊரின் பெயர் அந்த நாட்டுக்குப் போய்விட்டது.

1860களில் பயிற்சிக் கப்பலாக இறங்கியது. 1897 மே மாதம் உடைப்பவருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், நெல்சனின் பழைய கொடிக்கப்பலான 'ஃபூட்ரோயன்ற்' பிளாக்பூல் கரையில் புயலில் மோதி அழிந்தது. அதன் உரிமையாளரான வீட்லி கொப் என்பவர், இழந்த கப்பலுக்கு ஈடாகத் தேக்குக் கப்பலை உடைப்பவரிடம் இருந்து வாங்கி, அதற்கும் ஃபூட்ரோயன்ற் என்றே பெயரிட்டார். அத்துடன் திருக்கோணமலை என்ற பெயர் மறைந்தது. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளின் பெரும்பகுதியில் சிறுவர் சிறுமியருக்குக் கடலறிவு புகட்டும் கப்பலாக ஃபல்மத்திலும் பின்னர் போர்ட்ஸ்மத்திலும் அது வாழ்ந்தது.

அதன் பக்கத்தில் நெடுநாள் நின்ற தோழமைக் கப்பல் 'இம்ப்ளக்கபிள்'. ட்ரஃபால்கரில் போரிட்டுப் பின் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல் அது. பழுதுபார்க்கப் பணமில்லை என்று 1949 டிசெம்பர் 2 இல், பிரித்தானியக் கொடியையும் பிரெஞ்சுக் கொடியையும் ஒருங்கே ஏற்றி, நடுக்கடலில் வெடிவைத்து மூழ்கடித்தனர். மரியாதையுடன் செய்த கொலை. அந்தக் காட்சி பிரித்தானியரின் மனச்சாட்சியை உறுத்தியது என்றும், பின்னர் 'கட்டி சார்க்' முதலிய கப்பல்களைக் காக்க எழுந்த உணர்வுக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சொல்வர். தேக்குக் கப்பல் தப்பியதற்கு அதன் மரமும் ஒரு காரணம் என்பேன். அது பழுதுபார்க்கும் செலவை அதிகம் கேட்காத கப்பல்.

1987 இல் அதைத் தெப்பக்கலம் ஒன்றில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுசென்றனர். 'வொரியர்' என்ற இரும்புக் கப்பலைப் புதுப்பித்த தொழிலாளர் அங்கே அப்போதுதான் அந்த வேலையை முடித்திருந்தனர். கப்பல் கட்டும் தொழில் நலிந்து வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய ஊர் அது. 1990 முதல் 2001 வரை வேலை நடந்தது. செலவு ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து இலட்சம் பவுண். 1992 இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தனர். இன்று மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுவே மூத்தது. 2016 முதல் கடற்படை அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் இருக்கிறது.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. இரு நூற்றாண்டு கடந்தும் அந்தக் கப்பலின் உடலில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது பம்பாயில் பூட்டிய பழைய மரமே. எஞ்சியது புதியது. நெல்சனின் 'விக்டரி'யிலோ நிலைமை நேர்மாறு. ஓக் மரம் அத்தனை முறை மாற்றப்பட்டுள்ளது. ஆயினும் இரண்டையும் ஐயமின்றிப் பழைய கப்பல்கள் என்கிறோம். காரணம் விழுக்காடு அல்ல என்பது என் எண்ணம். எது மாற்றப்பட்டது, எப்போது, எதற்காக என்ற பதிவு அறுபடாமல் இருக்கிறது. மாற்றியவர்கள் பழைய கோட்டை மீறாமல் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கோடு காகிதத்தில் இருக்கிறது. எபேயை அளந்த அந்த வரைபடம் இல்லாவிட்டால் லீடா இல்லை, திருக்கோணமலை இல்லை, புதுப்பித்தலும் இல்லை.

நமது கரையில் இல்லாமற்போனது அதுதான். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று அழைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திய அந்தக் கப்பல் 1938 ஆகஸ்ட் முதலாம் திகதி மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறையை அடைந்தது. 89 அடிக் கப்பல்; அமெரிக்கப் பத்திரிகைகள் வியந்து எழுதின. அதே 1938 இல் அதே றொபின்சன் தமது ஊரான இப்ஸ்விச்சில் வேறொரு கப்பலைக் கடலில் இறக்கினார். 1778 காலத்து 'சுவிஃப்ற்' என்ற கப்பலின் வரைபடத்தைத் தழுவிச் சற்றே சிறிதாகக் கட்டியது. பின்னாளில் நடிகர் ஜேம்ஸ் காக்னி அதனை வாங்கினார். நூற்றறுபது ஆண்டுப் பழைய கப்பலை றொபின்சன் மீளக் கட்டக்கூடியதாக இருந்தது. எட்டாண்டுக்கு முன் வல்வெட்டித்துறையில் பிறந்த அன்னபூரணியை இன்று யாராவது மீளக் கட்ட விரும்பினால் எதைப் பார்த்துக் கட்டுவார்? மேத்திரியார்மாரின் வரைபடம் அவர்களுடைய தலைக்குள் இருந்தது. கோலும் கயிறும் கண்ணும்தான் கருவி. கலை பெரிது, ஆனால் அது கைமாறாத இடத்தில் மனிதனோடு சேர்ந்து எரிந்துவிடும்.

விதிவிலக்காக இருவரைச் சொல்லலாம். எட்மொண்ட் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1840களில் வெளியிட்ட பெருநூலில் நமது கடலோரப் படகுகளை அளவெடுத்து வரைந்திருக்கிறார். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1943 இல் இலங்கையின் மீன்பிடிக் கலங்களைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதினார். இருவரும் அந்நியர். தமிழில் இவற்றுக்கு நிகராக நான் கைக்கொண்டு புரட்டிய நூல் எதுவுமில்லை.

புதிய பொருள் நமது கரைக்கும் வந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியுடன் காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகு கட்டியது. திருக்கோணமலையில் திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்று கரையில் ஏற்றிக் கிடப்பவை பெரும்பாலும் இந்தக் கண்ணாடியிழை போட்டுகளே. பெரிய மரம் கிடைப்பதில்லை. கலப்பத்து அடிக்கத் தெரிந்தவர் அருகிவிட்டனர். இழைப் படகு பாரம் குறைவு, இருவர் இழுத்துவிடலாம். மீனவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. தெப்பத்தைக்கூடக் கண்ணாடியிழையில் செய்கிறார்கள், உருவம் மரத்தெப்பத்தின் உருவம்தான். அதை நல்ல மறுபிறப்பு என்பேன். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நடந்ததோ வேறு. உதவி நிறுவனங்கள் போட்டிபோட்டுப் படகு கொடுத்தன. அவசரத்தில் வார்த்தவற்றில் பல, கடலுக்கே தகுதியற்றவையாக இருந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. நிருபராக அந்தக் கரைகளில் அலைந்த நாட்களில், புதிய படகின் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டிய முதிய தச்சர் ஒருவரை மறக்க முடியவில்லை. தகடு உள்ளே போய் மீண்டது. "இதுக்கு வங்கு எங்க தம்பி?" என்று கேட்டார். வங்கு என்பது பலகையைத் தாங்கும் விலா எலும்பு. பொருள் புதியதாக இருப்பதில் அவருக்குப் பிணக்கில்லை. எலும்பில்லாமல் தோல் போர்த்திய வேலையில்தான் கோபம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு என் விடை இது. வடிவம் பிரெஞ்சுக்காரருடையது. கட்டியவர் பார்சி. மரம் மலபாரில் நின்றது. பணமும் கொடியும் பிரித்தானியருடையவை. புதுப்பித்தது ஹார்ட்டில்பூல் தொழிலாளர். நம்முடையது பெயர் மட்டுமே, அதுவும் நம்மைக் கேட்டு வைத்ததல்ல. ஆயினும் மீண்டும் போகும்போது கீழ்த்தட்டுக்கு இறங்கி, பழைய தேக்கு எது, புதிய மரம் எது என்று அங்குள்ள வழிகாட்டியிடம் கேளுங்கள், காட்டுவார். பிள்ளைகளைப் பழைய மரத்தில் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு ஒரு அளவுநாடாவும் காகிதமும் வைத்துக்கொண்டு, அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, கரையில் எங்காவது ஒரு பழைய மரவள்ளம் கவிழ்ந்து கிடந்தால் அணியம் முதல் அமரம் வரை அளந்து எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.